ஐந்தேகால் வட்டியும் ஒரு முட்டையும்

அந்த வருடம் அறுப்பின் பண்டிகையில், காணிக்கைப் பொருட்களை ஏலம் விடும்போது ரசலையன் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். வங்கி மேலாளராக ஓய்வு பெற்றவர், தக்கலைக்குப் பக்கத்துக் கிறிஸ்தவச் சபையின் பொருளாளர். முன்வரிசை அவருக்கென்றே இருந்த காலம் ஒன்று உண்டு.

2004இல் சபையின் கோயிலுக்குக் கோபுரம் கட்டச் சேர்த்த நாலு லட்சம் அவர் கையில் இருந்தது. அனுமதி வரத் தாமதமாகும். அதுவரை பணத்தை என்ன செய்வது? கூட்டத்தில் முட்டை விற்கிற செல்லபாய் எழுந்தாள்.

"சாரே, இப்பமே கம்பி வாங்கிப் போடுங்க. வெல இப்படியே நிக்காது. கோழித்தீவனம் வாங்குதவளுக்குத் தெரியும்."

"செல்லபாய், கோழிக்குத் தீவனம் வைக்க எனக்குத் தெரியாது. பணத்த எங்க வைக்கணும்னு ஒமக்குத் தெரியாது" என்றார் ரசலையன். சபையே சிரித்தது. செல்லபாய் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தாள்.

பத்து வருட அரசாங்கப் பத்திரம் வாங்கினார். ஐந்தேகால் சதவீத வட்டி. இத்தனை நீண்ட காலத்துக்குக் கடன் கொடுப்பவன், விலைவாசி எப்படி ஏறுமோ என்ற பயத்துக்கும் சேர்த்து வட்டி கேட்க வேண்டும். பயமே இல்லாத அவர் எதைக் கேட்பார்!

2008இல் அனுமதி வந்தது. அப்போது புதுப் பத்திரங்களுக்கு ஒன்பது சதவீதத்துக்கு மேல் வட்டி. குறைந்த வட்டி தரும் அவருடைய பழைய பத்திரத்தை நூறு ரூபாய்க்கு எண்பத்திரண்டு ரூபாய் என்றுதான் விற்க முடிந்தது. கம்பி விலையோ ஏறக்குறைய இரட்டிப்பு. கோபுரம் பாதியில் நின்றது.

யாரும் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. "சாரு வேணும்னா செய்தாரு?" என்றார் செயலாளர் எட்சன். அந்த இரக்கம்தான் ரசலையனைத் தினமும் கொன்றது.

"அடுத்தது செல்லபாய் காணிக்க! ஒரு முட்ட! அம்பது ரூவா!" என்று அந்தப் பண்டிகை ஏலத்தில் எட்சன் கூவினார்.

"பத்தாயிரம்" என்றார் ரசலையன்.

கோயிலில் எல்லாரும் கடைசி பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார்கள். செல்லபாய் எழுந்தாள்.

"எட்சனே, நிறுத்து. சாரே, ஒங்க மனசுல கெடக்கதத் தீக்க எனக்க முட்ட எதுக்கு? வாயத் தொறந்து சொன்னாப் போராதா?"

அவர் எழுந்தார்.

"அண்ணைக்குச் செல்லபாய் சொன்னதுதான் சரி. நான் அவுங்கள இளக்காரம் பண்ணினேன். ஒங்களையும் சிரிக்க வச்சேன்."

இப்போது ஒருவரும் சிரிக்கவில்லை. செல்லபாய் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எட்சனே, நூறு ரூவான்னு சாருக்கு விடு. அதுக்கு மேல போனா நாளைக்கு எனக்கிட்ட முட்ட வாங்க ஊரே பயப்படும்."

முட்டையை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு ரசலையன் வெளியே வந்தார். பாதிக் கோபுரத்தின் உச்சியில் துருவேறிய கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தன. அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை; முட்டை உடையாமல் பார்த்து நடந்தார்.