வாய்தா நாட்கள்

இன்று பஸ்ஸை விட்டு இறங்கியதும் சுண்ணாம்புத் தூசியும் வௌவால் வாடையும் மூக்கில் ஏறின. பழைய கோர்ட்டை இடித்துக்கொண்டிருந்தார்கள். ராஜா காலத்தில் குதிரை லாயமாக இருந்து, பிறகு கோர்ட்டான ஓட்டுக் கட்டடம் அது. வரப்புத் தகராறில் அப்பாவும் பெரியப்பாவும் வழக்காடிய காலத்தில், ஊரில் பெரியப்பா வீட்டுப் பக்கம் நான் போகக் கூடாது. ஆனால் அப்பாவோடு போகும் அந்தக் கோர்ட்டு வராண்டாவில், டவாலி பெயர்களைக் கூவ, டைப் மிஷின்கள் தடதடக்க, ஓட்டடியில் புறாக்கள் குனுக, பெரியப்பா மடியில் உட்கார்ந்து அவர் வாங்கித் தந்த பன்னைத் தின்பேன், அப்பா பார்க்காதவர்போல வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அதனால் ஒவ்வொரு தடவையும் வாய்தா விழ வேண்டுமென்று சாமியைக் கும்பிடுவேன்.

ஒருநாள் தீர்ப்பு வந்துவிட்டது. அப்பா ஜெயித்தார். நான் அழுதேன்.

“ஏன் ஆத்தா அழுவுற? ஒங்கப்பன்தான ஜெயிச்சான்?” என்றார் பெரியப்பா.

“இனி ஒங்கள எங்கிட்டுப் பாக்குறது பெரியப்பா?”

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்பா எங்கள் பக்கத்தில் வந்து நின்றார்.

“வீட்டுக்கு வாங்கண்ணே,” என்றார். “புள்ள கேக்குதுல்ல.”

ஊருக்குப் போகும் குளத்தூர் பஸ்ஸில் என்னை நடுவில் வைத்து உட்கார்ந்தார்கள். இறங்கும்போது பெரியப்பா அப்பாவின் பையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டார்.