நாங்களும் நாமும்

முப்பத்திரண்டு ஆண்டுகள் மெய்ப்புத் திருத்தியவளுக்கு அச்சகத்தில் வழங்கிய பெயர் ஒற்றம்மா. ‘படித்து பார்த்தான்’ என்று யாராவது அடித்துக் கொடுத்தால், நடுவில் ஒரு ‘ப்’ போடாமல் அந்தத் தாள் அவள் கையை விட்டு நகராது. இயந்திரம் ஓட்டுகிறவர்கள் அவள் வருவதைப் பார்த்தால், “வாயை மூடுங்கப்பா, ஒற்று விழுந்துடப் போகுது” என்று சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள், சிரித்துக்கொண்டே, ‘விழுந்துவிடப் போகிறது’ என்று மனத்துக்குள் திருத்திக்கொள்வாள்.

ஓய்வு பெற்று ஏழு ஆண்டுகள் ஆகியும் அந்தக் காது அடங்கவில்லை. அதனால்தான் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கணவர் சொன்ன ஒரு சொல் முள்ளாகத் தைத்துக்கொண்டது.

அடுத்த மாதம் அவர்களுக்கு நாற்பதாவது திருமண நாள். ஆண்டுதோறும் அந்த நாளையொட்டி அவர்கள் போய்வந்த ஊர்களின் படங்களை ஒரு பெட்டியில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள் மகள். படத்துக்கு இரண்டு வரி எழுதித் தருவது அம்மாவின் பொறுப்பு. அவற்றைத் தொகுத்துப் புத்தகமாக்குவது மகளின் பொறுப்பு. சில படங்களுக்கு எழுதி அனுப்பியாகிவிட்டது; மீதிப் படங்களைச் சாப்பாட்டு மேசை முழுவதும் பரப்பிக்கொண்டு ஒற்றம்மா உட்கார்ந்திருந்தாள். கணவர் காலணியை மாட்டிக்கொண்டே ஒரு படத்தை எடுத்தார். கடலோரப் பாறையொன்றின் மேல் அவரே கைகளை விரித்துக்கொண்டு நிற்கிறார். நெற்றிக்கு மேல் படத்தில் இடமில்லை.

“அடேயப்பா, இந்தப் பாறை! இது மேல நாங்க ஏறினப்ப அடிச்ச காத்து இருக்கே, சட்டையையே உருவிட்டுப் போயிருக்கும்.”

நாங்க.

யார் அந்த ‘நாங்க’ என்று கேட்க அவள் வாயெடுத்தாள். அதற்குள் அவருடைய கைப்பேசி அடித்தது. அவர் லிஃப்ட் மெக்கானிக். வேலையை விட்டாலும் வேலை அவரை விடவில்லை. பக்கத்துத் தெரு அடுக்குமாடியில் லிஃப்ட் இரண்டு தளங்களுக்கு நடுவே நின்றுவிட்டதாம்; உள்ளே ஒரு பல் மருத்துவர், பொறுமை இல்லாதவர். கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு அவர் இறங்கிப் போய்விட்டார்.

எதிரில் இருப்பவரையும் சேர்த்துக்கொண்டால் ‘நாம்’. அவரை விட்டுவிட்டால் ‘நாங்கள்’. பேச்சுப் பழகும் குழந்தைகூட இதில் தவறுவதில்லை. அவர் பேசியது அவளிடம். சேர்க்காமல் விட்டதும் அவளைத்தான். அப்படியானால் அந்தப் பாறையில் அவருடன் ஏறியது யார்?

வாய் தவறி வந்திருக்கும் என்று எண்ணிப் பார்த்தாள். ஆனால், அவர் நாற்பது ஆண்டுகள் அவளுடன் குடித்தனம் நடத்தியவர். அப்படியெல்லாம் வாய் தவறுகிறவர் அல்லர். படத்தை மறுபடி கையில் எடுத்தாள். பின்பக்கம் அவருடைய கையெழுத்தில் ‘பதினோராம் ஆண்டு’ என்று இருந்தது. அவர் தம்மைத் தாமே எடுத்துக்கொண்ட படமன்று. எதிரில் யாரோ நின்றிருக்கிறார்கள். அந்த யாரையோ பார்த்து அவர் வாய் கொள்ளாமல் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பு இந்த வீட்டில் எப்போதாவது சிரித்த சிரிப்பா?

அன்று அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. தேய்த்து மடித்த சேலையை மறுபடி விரித்துத் தேய்த்தாள். புத்தக அலமாரியைக் கலைத்து அடுக்கினாள். அடுக்கியது பிடிக்காமல் மீண்டும் கலைத்தாள். பகலுணவுக்கு வந்து உட்கார்ந்தவரிடம், சோற்றைப் பரிமாறும் சாக்கில், சுற்றி வளைத்துக் கேட்டாள்.

“அந்தப் பாறை ரொம்ப உயரமோ?”

“பின்னே? நீ பார்த்திருந்தா பயந்திருப்பே” என்றார் அவர், குழம்பை நோக்கிக் கையை நீட்டியபடி.

பார்த்திருந்தால்! ஒரு முள் இரண்டாயிற்று. நேருக்கு நேர் கேட்டிருக்கலாம். கேட்டால் விடை வந்துவிடுமே. மூன்று நாள்கள் அவள் அந்த விடைக்குப் பயந்து அறைக்கும் கூடத்துக்குமாக நடந்தாள்.

“என்ன, வீட்டை அளக்கிறியா?” என்று கேட்டார் கணவர்.

“ஆமாம். யார் யாருக்கு எவ்வளவு இடம்னு பார்க்கிறேன்.”

அவர் சிரித்துவிட்டுச் செய்தித்தாளைப் புரட்டினார்.

வெள்ளிக்கிழமை காலையில் பேருந்து ஏறி மகளிடம் போனாள். மகள் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். எழுத்துகள் தொங்கும் சுவருக்கு எதிரே நின்று, “என்னம்மா, சொல்லாம கொள்ளாம வந்து நிக்கிறே?” என்றாள். ஒற்றம்மா கைப்பையிலிருந்து படத்தை எடுத்து நீட்டினாள்.

“இதை யார் எடுத்தது?”

“நான்தான். ஒன்பது வயசு எனக்கு. கேமராவைப் பிடிக்கத் தெரியாம அப்பாவோட தலையைப் பாதி வெட்டிட்டேன். ‘என் மூளையைக் கடல்ல போட்டுட்டியே’ன்னு இப்பக்கூடக் கிண்டல் பண்ணுவாரு.”

ஒற்றம்மா கண் பரிசோதிக்கும் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். மூன்று நாள்களாக அடைத்துக்கொண்டிருந்த மூச்சு சிரிப்பாக வெளியே வந்தது. தன் மகளையா இத்தனை நாளும் கரித்துக் கொட்டினோம்! சிரிப்பு முடிவதற்குள் அடுத்த கேள்வி வந்துவிட்டது.

“அப்போ நான் எங்கேடி இருந்தேன்?”

“நீ ரூம்ல இருந்தே. புரூஃப் பார்த்துக்கிட்டு.” மகள் ஒரு கண்ணாடி வில்லையைத் துடைத்தாள். “எல்லா வருஷமும் அப்படித்தானேம்மா? ‘நீ பாரு, நாங்க போயிட்டு வந்துடுறோம்’னு அப்பா சொல்லுவாரு. நீ தலையைத் தூக்காமலே ‘ம்’ போடுவே.”

உண்மைதான். பள்ளிகள் திறப்பதற்கு முந்திய மாதத்தில் திருமண நாள்; அந்த மாதத்தில்தான் பாடநூல் மெய்ப்புகள் குவியும். ஒரு பிழை தப்பிப் போனால் ஊர்ப் பிள்ளைகள் அனைவரும் அதையே மனப்பாடம் செய்வார்களே என்று, துணிகளுக்கு அடியில் தாள்கட்டை வைத்துக்கொண்டுதான் அவள் எங்கும் புறப்படுவாள். அந்த உழைப்பைப் பற்றி அவளுக்கு இன்றும் வருத்தம் இல்லை.

“நீ எழுதி அனுப்பின வரியெல்லாம் படிச்சேன்மா” என்றாள் மகள், சற்றுத் தயங்கி. “மலைக்குப் போன வருஷத்துக்கு, ‘மேசையின் ஒரு கால் குட்டை, அட்டையை மடித்து வைத்தோம்’னு எழுதியிருக்கே. ஏரிக்குப் போன வருஷத்துக்கு, ‘விளக்கு மங்கல்’. மலையும் இல்லை, ஏரியும் இல்லை. எழுத்துப்பிழையும் இல்லை, அது வேற விஷயம்.”

வேறொருத்தி இல்லை என்ற நிம்மதி பேருந்து நிறுத்தம் வரைக்கும்கூடத் தாங்கவில்லை. வேறொருத்தி இருந்திருந்தால் பிழை அவருடையது; அவரை நிற்க வைத்துக் கேட்டிருக்கலாம். இப்போதோ அவர் சொன்ன வாக்கியம் இலக்கணப்படி முற்றிலும் சரி. ஆண்டுதோறும் தன் காதில் விழுந்த வாக்கியம்தான் அது. அவளே ‘ம்’ என்று ஒப்புதல் கொடுத்து அனுப்பியிருக்கிறாள்.

வீட்டுக்கு வந்ததும், செருப்பைக்கூடக் கழற்றாமல், “இந்தத் தடவையும் அந்தப் பாறை ஊருக்கே போகலாம்” என்றாள்.

“முட்டி வலியை வெச்சுக்கிட்டா?”

“முட்டி என் முட்டி. நான் பார்த்துக்கிறேன்.”

மூன்று வாரங்கள் கழித்துப் போனார்கள். பழைய விடுதி வண்ணம் மாறி அங்கேயே இருந்தது. மாலை நான்கு மணிக்கு அவர் காலணியை மாட்டிக்கொண்டு, பழக்கம் விடாமல், “நீ இரு, நான் போயிட்டு வந்துடுறேன்” என்றார். திரும்பிப் பார்த்தால், அவள் செருப்பும் குடையுமாகக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள்.

“என்ன, புரூஃப் ஒண்ணும் இல்லையா?”

“வெளியே போய்ப் பார்த்தாத் தெரியும். கதவைப் பூட்டுங்க.”

அவர் நடை வேகம். பத்து அடிக்கு ஒருமுறை நின்று, அவள் வந்து சேர்வதற்குள் மறுபடி புறப்பட்டுவிடுவார். “லிஃப்ட் எங்கேயாவது நிக்குதா, இப்படி ஓடுறீங்களே!” என்று அவள் மூச்சு வாங்கினாள். மணல் செருப்புக்குள் புகுந்து அறுத்தது. ‘இங்கே குளிக்க கூடாது’ என்றது ஒரு பலகை. ஒரு ‘க்’குக்காக விரல் துடித்தது, கையைக் குடைக்காம்பில் இறுக்கிக்கொண்டு கடந்து போனாள். உண்மையைச் சொன்னால், இந்த நடையில் அவளுக்கு இன்பம் ஒன்றும் தெரியவில்லை. இவ்வளவுதானா, இதற்காகவா மூன்று வாரங்கள் தவித்தோம் என்றுகூடத் தோன்றியது.

அரை மணி நேரத்துக்குப் பிறகு பாதை ஓர் உயர்ந்த மதிலில் முட்டிக்கொண்டு நின்றது. கடல் சத்தம் கேட்டது, கடலைக் காணவில்லை. அவர் மதிலை மேலும் கீழும் பார்த்தார். வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார். தலையைச் சொறிந்தார்.

“முன்னே இப்படி ஒரு சுவரே கிடையாது. நாம வழி தப்பிட்டோம்.”

அவள் குடையை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

“என்ன சொன்னீங்க?”

“வழி தப்பிட்டோம்னேன். காது அடைச்சிருச்சா?”

“முதல்ல இருந்து சொல்லுங்க.”

“நாம வழி தப்பிட்டோம்!” என்று அவர் எரிந்து விழுந்தார். “நடு வழியில நிக்கிறோம், இதுல என்ன தப்பைக் கண்டுபிடிச்சே இப்போ?”

“தப்பே இல்லை” என்றாள் அவள். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது, முட்டி விண்விண்ணென்று தெறித்தது. மதிலோரம் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு போன ஒருவரைக் கண்டு, வழி கேட்கக் கணவருக்கு முன்னால் அவளே நடந்தாள்.