இரண்டு மணி விழாவுக்கு ஒன்பது மணிக்கு வந்த சனம்

1. எண்ணெயும் ரெலிபோனும்

தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தபோதுதான் ரெலிபோன் அடித்தது. சனிக்கிழமை காலை ஒன்பதேகால். மற்றச் சனிக்கிழமைகளில் அந்த நேரம் நான் லண்டன் ஃபாரஸ்ட் கேட் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் நிற்பேன். அன்றைக்கு வகுப்பு இல்லை, ஆண்டு விழா மட்டுந்தான், அதுவும் பிற்பகல் இரண்டு மணிக்கு. ஆகவே கனகாலத்துக்குப் பிறகு சனி முழுக்கு என்று செவன் கிங்ஸ் வீட்டில் ஆறுதலாக இருந்தேன். நல்லெண்ணெய் காதுவரை வழிந்துவிட்டிருந்தது.

"மாஸ்டர், எங்கை நிக்கிறியள்?"

குரல் யோகராணியுடையது. மூன்றாம் வகுப்பில் படிக்கும் ஒரு பிள்ளையின் தாய். இடைவேளைக்குத் தேத்தண்ணி போடுபவரும் அவர்தான்.

"வீட்டிலை. ஏன் பிள்ளை?"

"நாங்கள் எல்லாரும் கேற்றடியிலை நிக்கிறம். கேற் பூட்டிக் கிடக்கு. மழை வேறை தூறுது. பிள்ளையளுக்கு மேக்கப்பும் போட்டாச்சு."

"எல்லாரும் எண்டா?"

"எல்லாரும் எண்டா எல்லாருந்தான். குரோய்டன் கிளைச் சனமும் வந்திட்டுது. மிருதங்கத்துக்குக் குடை பிடிச்சுக்கொண்டு நிக்குதுகள்."

"விழா ரெண்டு மணிக்கெல்லோ!"

"என்ன விசர்க் கதை கதைக்கிறியள் மாஸ்டர்? எங்களுக்கு ஒம்பது எண்டுதான் சொன்னது. பிந்தி வந்தால் பள்ளிக்கூடம் பறிபோகும் எண்டு நீங்கள்தானே நோட்டீசிலை அடிச்சனீங்கள்?" என்றார். தெருப் பெட்டியில் போட்ட சில்லறை முடிந்து ரெலிபோன் அறுந்தது.

லண்டனில் நான் நடத்திய கூட்டங்களுக்கும் விழாக்களுக்கும் கணக்கில்லை. எங்கள் சனம் சொன்ன நேரத்துக்கு வந்தது அந்த ஒரு நாள் மட்டுந்தான்.

2. எங்கள் தலைமைப்பீடம்

இப்போது சபைக்கு வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எண்பதுகளின் கடைசியில் எங்கள் நிர்வாக சபை லண்டனில் ஐந்து சனிக்கிழமைப் பள்ளிக்கூடங்களை நடத்தியது. ஐந்துக்கும் ஒரே பாடத்திட்டம், ஒரே பரீட்சை, ஒரே சபை. சபையில் ஒரு தலைவர், ஒரு செயலாளர், ஒரு பொருளாளர், ஏழு உபதலைவர்கள்.

ஏழு எதற்கு என்று கேட்பீர்கள். தேர்தலில் தோற்றவரைச் சும்மா விட்டால், அவர் அடுத்த மாதமே எதிர்த் தெருவில் இன்னொரு தமிழ்ப் பள்ளிக்கூடம் திறந்துவிடுவார். அதனால் தோற்றவர் எல்லாரையும் உபதலைவர் ஆக்கினோம். உபதலைவர் என்றால் வேலை ஒன்றும் இல்லை, விழாவில் பேச வேண்டும், அவ்வளவுதான். ஏழு பேரும் பேசுவார்கள். பிள்ளைகள் சலங்கையுடன் மேடைக்குப் பின்னால் நித்திரையாகிவிடுவார்கள்.

செயலாளர் நான். யாழ்ப்பாணத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவன். லண்டனில் கிழமை நாட்களில் பெற்றோல் ஸ்ரேசனில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து நாலாம் பம்ப், ஆறாம் பம்ப் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை ஒரு நாள்தான் என்னை மனிதர் "மாஸ்டர்" என்று அழைப்பார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த ஒரு சொல்லுக்காகத்தான் மற்ற ஆறு நாளும் சீவித்தேன்.

அந்த வருடம் அதற்கே ஆபத்து வந்தது. எங்கள் ஐந்தில் பெரியது ஃபாரஸ்ட் கேட். அது ஓர் ஆங்கிலப் பள்ளிக்கூடத்தின் கட்டடம், கவுன்சில் தந்தது. அந்த மண்டபத்தையும் வகுப்பறைகளையும் சனிக்கிழமைகளில் தங்களுக்குத் தரும்படி ஒரு பட்மின்டன் கழகம் கேட்டுவிட்டது. கவுன்சிலில் இருந்து மிசிஸ் பார்க்கர் என்ற அதிகாரி கடிதம் போட்டார். குறித்த சனிக்கிழமை காலையில் மண்டபம் பட்மின்டன்காரருக்கு, பிற்பகல் எங்களுக்கு. பன்னிரண்டு மணிக்கு அவர்களைப் பார்ப்பாராம், இரண்டு மணிக்கு எங்களைப் பார்ப்பாராம். யார் இடத்தை ஒழுங்காகப் பாவிக்கிறார்களோ அவர்களுக்குத்தான் சனிக்கிழமை.

3. மணிக்கூடு நடந்த நடை

சபை கூடியது. விழா இரண்டு மணிக்கு என்று ஏகமனதாகத் தீர்மானித்தோம். கூட்டம் முடிந்து வாசலுக்கு வந்தபோது தலைவர் டொக்டர் என் தோளில் கை போட்டார்.

"மாஸ்டர், எங்கட சனத்தைத் தெரியுந்தானே. ரெண்டெண்டா மூண்டுக்குத்தான் வருங்கள். நீர் ஒருத்தருக்கும் சொல்லாமல் ஒண்டெண்டு அடிச்சு விடும்."

"ஓம் டொக்டர்" என்றேன். வீட்டுக்கு வந்து டைப்ரைட்டரின் முன் இருந்தபோது எனக்கும் அதே யோசனை வந்தது. எங்கள் சனத்துக்கு ஒரு மணித்தியாலம் எந்த மூலைக்கு? பன்னிரண்டு என்று அடித்தேன். கீழே, "பிந்தி வந்தால் பள்ளிக்கூடம் பறிபோகும்" என்று பெரிய எழுத்தில் வேறு சேர்த்தேன். டொக்டருக்குச் சொல்லவில்லை.

நோட்டீசைப் போட்டோகொப்பி எடுக்கும் பொறுப்பு பராசக்தி ரீச்சருக்கு. அவர் பன்னிரண்டை வெள்ளை மையால் அழித்துப் பதினொன்று ஆக்கினார். எனக்குச் சொல்லவில்லை. அதைக் கிளைகளுக்கு அறிவித்தவர் உபதலைவர் ராமநாதன், தமிழ்நாட்டுக்காரர், கொம்பியூட்டர் இஞ்சினியர். பிறகு விசாரித்தபோது அவர் கூசாமல் சொன்னார்: "ஆமா சார், நான் பத்துன்னுதான் எல்லா பிராஞ்சுக்கும் போன் பண்ணினேன். ஒரு மணி நேரம் பஃபர் வேணும்ல?" கிளைகளில் வகுப்பு ரீச்சர்மார் பிள்ளைகளின் கொப்பியில் ஒன்பது என்று எழுதி, நோட்டீசில் நான் அடித்த கடைசி வசனத்தையும் கீழே சேர்த்துவிட்டார்கள்.

பலர் சேர்ந்து அடித்த பாம்பு சாகாது என்பார்கள். எங்கள் சபையில் ஆளுக்கு ஒரு அடியாகப் பாம்பு செத்தே போனது. ஒவ்வொருவரும் தான் மட்டுமே கெட்டிக்காரர் என்று நினைத்ததுதான் பிழை. அந்தப் பட்டியலில் நானும் இருக்கிறேன்.

4. கேற்றடியில்

எண்ணெயைக் கழுவ நேரமில்லை. தலையில் கம்பளித் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு ட்ரெயின் ஏறினேன். பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரக் கிழவர் இரண்டு தரம் மணந்து பார்த்துவிட்டு வேறு சீற்றுக்குப் போனார்.

பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தபோது கேற் திறந்திருந்தது. கட்டடக் காவலாளி டெரிக், அறிமுகமானவர்தான், ஆனால் சட்டம் என்றால் சட்டம். "மண்டபம் ஒரு மணிவரை பட்மின்டன்காரருக்கு" என்று அவர் கையை விரிக்க, யோகராணி ஒரு எவர்சில்வர்ச் சட்டியின் மூடியைத் திறந்தார். உள்ளே மட்டன் ரோல்ஸ். டெரிக் ஒன்றைத் தின்றார். இன்னொன்றையும் தின்றார். பிறகு, சாப்பாட்டு மண்டபத்தை ஒருவரும் கேட்கவில்லை என்ற ஞாபகம் அவருக்கு வந்தது.

சனம் உள்ளே போனது. பெரிய கண்டம் எனக்கு அதற்குப் பிறகுதான். யோகராணி வந்து, "துவங்குவமே மாஸ்டர்?" என்றார்.

"என்னெண்டு துவங்கிறது? தலைவர் இல்லை. உபதலைவர்மார் இல்லை. குத்துவிளக்கு டொக்டரின்ரை கார் டிக்கியிலை கிடக்கு."

"ரெண்டு மணி மட்டும் இந்தப் பிள்ளையளை என்ன செய்யச் சொல்லுறியள்? மேக்கப் வழியுது. சின்னனுகள் பசியெண்டு அழுகுதுகள். சனம் வெளிக்கிட்டுப் போயிட்டுதெண்டா, உங்கட பார்க்கர் வந்து ஆரைப் பாக்கிறது?"

டெரிக்கின் அறையில் இருந்த ரெலிபோனில் டொக்டருக்கு எடுத்தேன். ஆஸ்பத்திரியில் நின்றார்.

"என்ன ஓய், ரெண்டு மணிக்கு எண்டா நான் மூண்டு மணிக்குத்தானே வருவன்! உபதலைவர்மாரும் அப்பிடித்தான். நான் வாற வரைக்கும் ஒண்டும் துவங்கக் குடாது. பேச்சு எழுதி வச்சிருக்கிறன், பதினாலு பக்கம்."

ரெலிபோனை வைத்துவிட்டு அந்த ஒடுங்கிய அறையில் நின்றேன். துவங்கினால் என் செயலாளர் பதவி போகும். துவங்காவிட்டால் பள்ளிக்கூடமே போகும். பள்ளிக்கூடம் போனால் மாஸ்டரும் போவார், பம்ப் நம்பர் கூப்பிடுகிறவன்தான் மிஞ்சுவான். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன?

"தேவாரத்தைப் பாடச் சொல்லு பிள்ளை" என்றேன்.

5. மிசிஸ் பார்க்கர்

பேச்சு இல்லாத விழா எவ்வளவு விறுவிறுப்பானது என்பதை அன்றைக்குத்தான் கண்டேன். பிள்ளை வந்தது, ஆடியது, போனது. அடுத்த பிள்ளை வந்தது. குரோய்டன் பிள்ளைகள் நாடகம் போட்டார்கள். ஒரு ராசாவுக்கு மீசை கழன்று விழ, மந்திரி பொறுக்கிக் கொடுத்தார். சனம் கண்ணீர் வரச் சிரித்தது. இத்தனை வருடத்தில் எங்கள் விழாவில் ஒருவரும் கொட்டாவி விடாமல் இருந்தது அதுவே முதல் தரம்.

பட்மின்டன்காரர் மண்டபத்தில் வலை கட்டி விளையாடிக்கொண்டிருந்தார்கள். எட்டுப் பேர். மிருதங்கச் சத்தம் கேட்டு ஒருவர் எட்டிப் பார்த்தார். யோகராணி அவர் கையில் ஒரு ரோல்ஸை வைத்தார். கொஞ்ச நேரத்தில் இன்னும் இருவர். பிறகு கழகத்தின் தலைவரே வந்து, கையில் கடதாசிக் கோப்பையும் மடியில் யாரோ பெற்ற பிள்ளையுமாக முன்வரிசையில் இருந்துவிட்டார்.

பன்னிரண்டு மணிக்கு மிசிஸ் பார்க்கர் வந்தார். முதலில் பட்மின்டனைப் பார்க்க மண்டபத்துக்குப் போனார். அங்கே வலை இருந்தது. தரையில் ஓர் இறகுப்பந்து கிடந்தது. மனிதர் இல்லை. கைதட்டும் சத்தம் வந்த பக்கம் நடந்து சாப்பாட்டு மண்டபத்துக்கு வந்தார். பட்மின்டன்காரர் எட்டுப் பேரும் அரைக் காற்சட்டையோடு எங்கள் சனத்தின் நடுவில் இருந்து கும்மிக்குக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

நான் ஓடிப்போய்க் கை கொடுத்தேன். கையில் எண்ணெய். அவர் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார். இரண்டு மணிக்குத்தான் என்று நினைத்தேனே என்றார். "வீ ஆர் ஆல்வேஸ் ஏர்லி" என்றேன். கடவுளே, அந்த வாய் அழுகாமல் இருப்பது அதிசயம்!

ஒன்றரைக்கு எல்லாம் முடிந்தது. தாய்மார் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு கதிரைகளை அடுக்கினார்கள். தகப்பன்மார் மேசை துடைத்தார்கள். இதற்கெல்லாம் பொறுப்பு யார் என்று மிசிஸ் பார்க்கர் கேட்டார். நான் தொண்டையைச் செருமி, எங்கள் சபையின் அமைப்பை, தலைவர், உபதலைவர் எழுவர், ஐந்து கிளை என்று விளக்கத் தொடங்கினேன். நடுவில் யோகராணி தும்புத்தடியோடு வந்தார்.

"எக்ஸ்கியூஸ் மீ மேடம். லெக், ப்ளீஸ்."

மிசிஸ் பார்க்கர் பணிவாகக் காலைத் தூக்கினார். நானும் தூக்கினேன். யோகராணி அடியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு அதிகாரி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, புத்தகத்தில் என்னவோ எழுதினார்.

6. தலைமைப்பீடம் வருகை

மூன்று மணிக்கு டொக்டர் குத்துவிளக்கோடு வந்தார். பின்னால் ஏழு உபதலைவர்கள், பட்டு வேட்டி, பொன்னாடை, பூமாலை. மண்டபம் துடைத்த கண்ணாடி போல இருந்தது. டெரிக் மட்டும் ஒரு கதிரையில் இருந்து கடைசி ரோல்ஸைத் தின்றுகொண்டிருந்தார்.

"சனம் இன்னும் வரேல்லையோ?" என்றார் டொக்டர்.

"வந்திட்டுப் போட்டுதுகள், டொக்டர்."

பதினாலு பக்கத்தையும் அவர் பையிலிருந்து எடுத்துப் பார்த்து, திரும்ப வைத்ததை நான் மறக்கமாட்டேன். எனக்கு நல்ல ஏச்சு விழுந்தது. கொண்டுவந்த மாலை வீணாகக் கூடாது என்று அதை டெரிக்குக்குப் போட்டார்கள். ராமநாதன் மட்டும் நாலு நிமிடம் டெரிக்கை வாழ்த்திப் பேசினார்.

7. கடிதம்

மூன்று கிழமைக்குப் பிறகு கவுன்சிலின் கடிதம் வந்தது. சபை முழுவதும் கூடியிருந்தபோது நானே வாசித்தேன். பட்மின்டன் கழகம் வெள்ளிக்கிழமைக்கு மாறச் சம்மதித்துவிட்டது. சனிக்கிழமை எங்களுக்குத்தான். மூக்கைச் சீறிவிட்டுத்தான் மற்றப் பக்கத்தை வாசித்தேன். ஒரு நிபந்தனை இருந்தது. கட்டடத்தின் சாவி இனிமேல் உங்கள் சங்கத்தின் தலைவியிடமே கொடுக்கப்படும், அன்று தும்புத்தடியோடு நின்றவர், அவரது பெயரை அறியத் தரவும்.

ஏழு உபதலைவர்களும் மேசையைப் பார்த்தார்கள். கடைசியில் டொக்டர்தான் வழி கண்டார். சபையில் இல்லாத ஒருவரிடம் சாவி இருப்பது மரியாதை இல்லை, ஆகவே யோகராணியை எட்டாவது உபதலைவர் ஆக்குவோம் என்றார். ஏகமனதாக நிறைவேறியது. போய்ச் சொல்லும் பொறுப்பை எனக்குத் தந்தார்கள்.

பெயரை எழுதி அனுப்பி, கவுன்சில் தந்த சாவியோடு யோகராணி வேலை செய்த லோண்டரிக்கே போனேன். ஆவிக்குள் நின்று ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தார். சாவியை வாங்கி இடுப்பில் செருகினார். பதவியைச் சொன்னேன்.

"உபதலைவரோ? அது வேண்டாம் மாஸ்டர். எனக்கு வேலை கிடக்கு."

கூட்ட அறிக்கையில் அந்த வசனத்தை ஒரு எழுத்தும் மாற்றாமல் எழுதினேன். அடுத்த கூட்டத்தில் அறிக்கை ஏகமனதாக ஏற்றுக்கொள்ளப்பட்டது.