சாடிக்குக் காற்று

என் மேசை லாச்சியில் மீன்தொட்டிக்குக் காற்று ஊதும் சின்னப் பம்பு ஒன்று கிடக்கிறது. அதன் வயர் தடுப்பதால் லாச்சி ஒருநாளும் ஒழுங்காக மூடாது. பல்கலைக்கழகத்தில் இரசாயன, உயிரியல் பொறியியல் படித்த கடைசி வருடம், நானும் என் ஆய்வுத் தோழியும் கண்டி டவுனில் வாங்கியது. அதன் கொர்ரென்ற சத்தம் கேட்கும்வரைதான் எங்களுக்கு நிம்மதி.

நான் வத்தேகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து போனவள், அவள் யாழ்ப்பாணம். பால் தொழிற்சாலைக் கழிவுநீரைத் தின்று சுத்தமாக்கும் நுண்ணுயிர்களைக் கண்ணாடிச் சாடியில் வளர்ப்பது எங்கள் ஆய்வு. கேட்கப் பெரிதாக இருக்கும். உண்மையில் மாடு வளர்க்கிற வேலைதான். வேளைக்குத் தீனி, ஓயாமல் காற்று. காற்று நின்றால் செத்து நாறிவிடும். அந்த வருடமோ கரண்ட் போகாத நாளே இல்லை. போனதும் காற்றுப் புகட்டும் என்று அவள் சாடியை மடியில் வைத்து ஆட்டத் தொடங்குவாள். அவள் கை ஓய்ந்ததும் நான் வாங்குவேன். மழைக் குளிரிலும் வியர்த்துக் கொட்டும்.

அவளுக்கு வெளிநாட்டில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. முதல் வகுப்பு எடுத்தால்தான் அது நிலைக்கும். வீடே அதை நம்பியிருந்தது.

ஆய்வு முடியச் சில நாட்களே இருந்தபோது டீசல் இல்லாமல் பஸ் நின்றது. அம்பிட்டிய வாடகை அறையிலிருந்து நடந்தே போய்ச் சேர்ந்தோம். நாங்கள் போகுமுன்பே கரண்ட் போயிருந்தது. ஆய்வுகூடக் கதவைத் திறக்கும்போதே அழுகிய முட்டை நாற்றம்.

சீனியர் அண்ணா ஒருவர் வழமையான வழியைச் சொன்னார். முந்தைய பாட்ச் எடுத்த அளவீடுகளைக் கொஞ்சம் ஏற்றி இறக்கிப் போட்டுவிடலாம், எல்லாரும் செய்வதுதான். எனக்கும் அதுவே சரியாகப் பட்டது. அவள் சாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"செத்ததைச் செத்ததெண்டுதான் எழுதுவன். பொய்யை எழுதிப்போட்டு அங்க போய் என்னத்தைப் படிக்கிறது?"

அப்படியே எழுதினாள். புள்ளி குறைந்தது, முதல் வகுப்பு போனது, இடமும் போனது. எனக்குச் சும்மா பாஸானாலே போதுமாக இருந்தது. அவள்மேல் ஆத்திரம்தான் வந்தது. நேர்மை சோறு போடுமா என்று முகத்துக்கு நேரே கேட்டேன். அவள் பம்பைக் கழுவித் துடைத்து என் கையில் தந்துவிட்டு ஊருக்குப் போனாள். இப்போது அங்கே டியூஷன் வகுப்பெடுத்துத் தொண்டை கட்டிக் கிடக்கிறாள்.

நான் கண்டிக்கு வெளியே ஒரு பால் தொழிற்சாலையில் கழிவுநீர்த் தொட்டிக்குப் பொறுப்பு. கரண்ட் போனால் ஜெனரேட்டர் குளிரறைக்கு மட்டும்தான். தொட்டிக்குக் காற்று கிடையாது. தொட்டித் தண்ணீர் போய்ச் சேரும் ஓடையில் கீழே சனங்கள் குளிக்கிறார்கள். இன்று காலையும் கரண்ட் போனது. மத்தியானத்துக்குள் அதே நாற்றம்.

"நேத்து எழுதுன அளவையே ரெக்கார்ட் புக்குல போடுங்க மிஸ். யாரு பாக்கப் போறா?" என்றார் மேனேஜர். கெட்ட மனிதர் அல்ல. அவரும் களைத்துத்தான் இருந்தார். பேனாவைத் தேடி லாச்சியை இழுத்தேன். பம்பு கையில் தட்டுப்பட்டது.

பின்னேரம் அவளுக்குப் போன் எடுத்தேன்.

"தொட்டி செத்துப்போச்சுடி."

அவள் வகுப்புக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"செத்ததெண்டே எழுதிப்போட்டியோ?"

"எழுதிட்டேன். மேனேஜர் பேசவே இல்ல. நாளைக்கு வேல இருக்குமான்னு தெரியல."

"ஓம்," என்றாள். "போய்ச் சாப்பிடு."