மதினி சேர்த்து வைத்தது

என் அண்ணன் சோலைமலைக்கு வாக்கப்பட்டு வந்த மாயக்காளைப் பற்றி ஆளுக்கொன்று சொல்வார்கள். கஞ்சப் பிசினாரி என்பார்கள், கெட்டிக்காரி என்பார்கள். இப்போது கொஞ்ச நாளாகப் பாவம் என்கிறார்கள். பாவமாவது ஒன்றாவது! இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்து இத்தனை வருஷம் அவளைப் பார்த்தவள் நான். எனக்கு மதினி. அவளைத் திட்ட என்னைவிட உரிமை உள்ளவர் யாருமில்லை, அதனால் நானே சொல்கிறேன்.

அண்ணனுக்கு நூல் மில்லில் வாட்ச்மேன் வேலை. நாகல் நகரில் இரண்டு அறையும் மொட்டை மாடியுமாக ஒரு வீடு. ஒரே மகள் ஜீவிதா. அவள் பிறந்த அன்றைக்கே மதினி முடிவு கட்டிவிட்டாள், இவளை நல்ல இடத்தில் கொடுக்க வேண்டும், அதற்கு இருபது பவுன் வேண்டும். வாட்ச்மேன் சம்பளத்தில் இருபது பவுன் எங்கிருந்து வரும்? அடுப்படியிலிருந்துதான் வரும் என்று கண்டுபிடித்தாள்.

அரிசி கழுவிய தண்ணீர் மாடிக்குப் போகும். குளித்த தண்ணீரும் போகும். பெயிண்ட் வாளி, ஓட்டைக் குடம், சிமெண்ட் சாக்கு என்று எது கிடைத்தாலும் மண்ணைப் போட்டு எதையாவது ஊன்றிவிடுவாள். அவர்கள் தெருக் குழாயில் தண்ணீர் வருவதே எப்போதோ ஒரு நாள். தெருவே குடத்தோடு அல்லாடும்போது இவள் மாடியில் மட்டும் கத்தரியும் வெண்டையும் காய்த்துத் தொங்கும். நல்ல காயெல்லாம் அக்கம்பக்கத்துக்கு விலைக்குப் போய்விடும். சொத்தையும் முற்றலும் வீட்டுக்கு. பூசணித் தோலில் துவையல், பீர்க்கங்காய்த் தோலில் துவையல், மாங்கொட்டையில் குழம்பு. ருசியாகத்தான் இருக்கும், பொய் சொல்லக் கூடாது. கைப்பக்குவம் உண்டு. ஆனால் கொஞ்சமாக இருக்கும்.

கூப்பன் என்றால் மதினிக்கு உயிர். தேயிலைத்தூள் பாக்கெட்டுக்குள் கூப்பன் வரும், சேர்த்துக் கொடுத்தால் எவர்சில்வர் டம்ளர் தருவார்கள். டீக்கடைக்காரர்கள் அவசரத்தில் பாக்கெட்டைக் கிழித்து அப்படியே குப்பையில் போடுவார்கள். இவள் பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை கடையாகப் போய்க் குப்பைத் தொட்டிக்குள் கையை விட்டுத் துழாவுவாள். கூடவே ஜீவிதா, பள்ளிக்கூட யூனிஃபார்மோடு பையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். கூடப் படிக்கிற பிள்ளைகள் பஸ்ஸிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரிக்கும்.

சூப்பர் மார்க்கெட்டில் ஒரு பில்லுக்கு ஒரு கிலோ சீனிதான் சலுகை விலைக்குத் தருவார்கள். மதினி ஒரு வரிசையில் நிற்பாள், பிள்ளையை இன்னொரு வரிசையில் நிறுத்துவாள். "அம்மான்னு கூப்புட்ட, வீட்டுக்கு வந்து தோல உரிச்சிருவேன்" என்று வாசலிலேயே சொல்லிக் கூட்டிப் போவாள். ஒரு தரம் நானும் கூட இருந்தேன். பில் போடுகிற பெண், "யாரு கூட வந்த பாப்பா? ஒங்கம்மா எங்க?" என்று கேட்டது. அந்தப் பிள்ளை மதினியை நேராகப் பார்த்துக்கொண்டே, "அம்மா இல்ல" என்றது. அப்போது நாங்கள் இரண்டு பேரும் வெளியே வந்து வயிறு வலிக்கச் சிரித்தோம்.

இதெல்லாம்கூடப் போகட்டும். சாப்பாட்டு வேளைதான் கொடுமை. மதினி யாருக்கும் இல்லை என்று சொல்ல மாட்டாள். பிள்ளைக்கு எதிரே உட்கார்ந்து தட்டைப் பார்ப்பாள், அவ்வளவுதான். சோற்றுக்குப் பக்கத்தில் வெஞ்சனம் எவ்வளவு இருக்கிறது, பிள்ளை எவ்வளவு எடுக்கிறது என்று கண்ணைக் கொட்டாமல் பார்ப்பாள். இரண்டாம் தரம் கரண்டிக்குப் போகிற கை தானாகத் திரும்பி வரும். அண்ணன் குனிந்த தலை நிமிராமல் தின்றுவிட்டு மில்லுக்குப் போய்விடுவான். அவனைச் சொல்லி என்ன, வாயில்லாப் பூச்சி.

ஒரு நாள் ஜீவிதாவைப் புரோட்டாக் கடைக்குக் கூட்டிப் போனேன். ரெண்டு தின்றதும் என்னை நிமிர்ந்து பார்த்து, "அத்தை, இன்னொண்ணு வாங்கிக்கிரட்டுமா? நீங்க வேணா செத்த நேரம் அந்தப் பக்கம் திரும்பிக்கங்க" என்றது. நேராக மதினி வீட்டுக்குப் போய் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன்.

"புள்ள வயித்தக் காயப்போட்டு அப்படி என்னத்தச் சேக்குறீங்க மதினி? நல்லாருப்பீகளா நீங்க?"

"நீ பேசுவ மலரு. நாள அவ கழுத்து மொட்டையா நின்னா நீயா வந்து போடப்போற? நான் மட்டும் என்ன விருந்தா திங்கிறேன்?"

அதுவும் உண்மைதான். எல்லாரும் தின்ற பிறகு சட்டியை வழித்து நின்றபடியே தின்று முடிப்பாள். கொடுமைக்காரிதான், ஆனால் தனக்கும் அதே கொடுமையைச் செய்துகொண்டாள். அதனாலேயே யாராலும் அவளை அடக்க முடியவில்லை.

இருபது பவுன் சேர்ந்தது. ஆயக்குடியில் கொய்யாத் தோப்பு வைத்திருக்கிற நாச்சிமுத்து வீட்டில் கொடுத்தார்கள். மாப்பிள்ளை பாண்டியராஜ் தங்கமான பையன். மாமியார் பாப்பாத்தியை நான் முதலில் நம்பவில்லை. வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டுப் பேசுகிறாளே, உள்ளே என்ன வைத்திருக்கிறாளோ என்று நினைத்தேன். உள்ளேயும் ஒன்றுமில்லை, மகராசி. போய் மூன்றே மாதத்தில் ஜீவிதாவுக்குக் கன்னம் உப்பிவிட்டது. அதைப் பார்த்து மதினிக்குத் தலைகால் புரியாத பெருமை. "பாத்தியா, நான் வாயக் கட்டுன கட்டுக்கு எப்புடி எடம் வாச்சிருக்கு" என்று தெருவெல்லாம் சொன்னாள்.

ஜீவிதா உண்டானதும் மதினி ஆளே மாறிப்போனாள். வளைகாப்பு முடிந்து மகள் பிரசவத்துக்குத் தாய்வீடு வருவாள், மூன்று மாதம் இருப்பாள், பேரன் பிறக்கிறதும் முதலில் தூங்குகிறதும் இந்த வீட்டில்தான். இந்த ஒரே நினைப்புதான் அவளுக்கு. கட்டில் வாங்கினாள். கடனே என்று சுற்றிக்கொண்டிருந்த பழைய ஃபேனைக் கழற்றிப் புது ஃபேன் மாட்டினாள். பால் சுரக்கிற கீரையாகப் பார்த்து மாடியில் விதைத்தாள். பத்தியச் சாப்பாட்டுக்கு என்று இரண்டு நாட்டுக்கோழியைக் கூண்டில் வளர்த்தாள், அதுகளுக்குத் தீனியைக் காசு கொடுத்து வாங்கினாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். வளைகாப்புக்கு ஏழு வகைச் சோறு ஆக்கினபோது நானும் கூட இருந்தேன். நெய்யை டப்பாவோடு கவிழ்த்தாள். முந்திரியை அள்ளி அள்ளிப் போட்டாள். "மதினி, ஒடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டேன். "ஏன்டி, எம்மக திங்கட்டும்டி" என்றாள்.

வேன் பிடித்துக்கொண்டு ஆயக்குடி போனோம். திரும்பி வரும்போது ஜீவிதா சாய்ந்துகொள்ள ஜன்னலோரத்தில் ஒரு சீட்டுக்குத் தலையணை போட்டு வைத்திருந்தாள் மதினி. ஊர்ப் பெண்களெல்லாம் சந்தனம் பூசி, கை நிறையக் கண்ணாடி வளையல் அடுக்கினார்கள். கல்யாணத்துக்குப் போட்ட தங்க வளையல்கள் உள்ளே மேலேறி நின்றன, அதற்குக் கீழே மணிக்கட்டு வரைக்கும் பச்சையும் சிவப்பும். பிள்ளை பெறுகிற வரைக்கும் கழற்றக் கூடாத வளையல்கள். ஜீவிதா லட்சணமாக இருந்தாள். என் கண்ணே பட்டுவிடுமென்று பயந்தேன்.

அப்புறம் அவளை உட்காரவைத்து ஏழு வகைச் சோற்றையும் பரிமாறினார்கள். சர்க்கரைப் பொங்கலை ஆசையாக எடுத்தாள், புளியோதரையை எடுத்தாள். மதினி எதிரே போய் உட்கார்ந்தாள். மகள் தின்கிறதைப் பார்க்கிற சந்தோஷம். சத்தியமாகச் சொல்கிறேன், வேறு எதுவும் அவள் மனசில் இல்லை. ஆனால் பழகின கண் இலையை விட்டு நகரவில்லை. தேங்காய்ச் சோற்றுக்குப் போன ஜீவிதாவின் கை பாதியில் நின்றது. நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். இலையை மூடிவிட்டுக் கை கழுவப் போனாள்.

பாப்பாத்தி ஒன்றும் புரியாமல், "ஏனுங்க சம்மந்தி, நல்ல நேரம் இருக்கறப்பவே பொண்ணக் கூட்டிட்டுக் கெளம்புங்க. பத்தரமாப் பாத்துக்கோங்க" என்றாள்.

"நான் வரல அத்தை" என்றாள் ஜீவிதா மாமியாரிடம்.

மதினி சிரித்தாள். "ஏன்டி, மாப்பிள்ளய விட்டுட்டு வர முடியலயாக்கும்?"

"அங்க வந்தா எனக்குப் பசிக்கும்மா."

மதினி அவசர அவசரமாகக் கட்டிலைச் சொன்னாள், ஃபேனைச் சொன்னாள், கோழியைச் சொன்னாள். ஜீவிதா வர மாட்டேன் என்று தலையை ஆட்டினாள்.

"நீ ஆக்கிப் போடுவம்மா, இல்லேங்கல. எதிர்த்தாப்புல உக்காந்து பாப்பேல்ல. நீ பாத்தா எனக்கு எறங்காது. இப்பக்கூட எறங்கல. இங்க வந்துதேன் நான் வயிறாரத் தின்னேன். எம்புள்ள ஒங்கண்ணு முன்னாடி பால் குடிக்க வேணாம்."

அத்தனை பேர் முன்னாடி சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் எந்தக் காலத்தில் அந்தப் பிள்ளை வாய் திறந்திருக்கிறது? திறந்ததும் எல்லாமே கொட்டிவிட்டது.

அப்போதாவது மதினி அழுதிருக்கலாம், காலில் விழுந்துகூடக் கேட்டிருக்கலாம். எங்கே! ஆங்காரம் வந்துவிட்டது அவளுக்கு. எழுந்து நின்று கத்தினாள். "நன்றிகெட்ட சிறுக்கி! ஒன் கையில கெடக்குறது என்னடி? எவன் வீட்டுச் சொத்து? எங்கொடலச் சுருக்கிச் சேத்தது. அம்மா வேணாம், அம்மா போட்டது மட்டும் வேணுமாக்கும்? கழட்டு!"

"மாயக்கா!" என்று அண்ணன் எழுந்தான். பிறந்ததிலிருந்து அவன் போட்ட ஒரே சத்தம் அதுதான். யார் காதிலும் விழவில்லை.

ஜீவிதா அதற்காகவே காத்திருந்தவளைப் போலக் கண்ணாடி வளையல்களைப் பிடித்து இழுத்தாள். அவை வந்தால்தானே தங்கம் வரும். பிள்ளைத்தாய்ச்சிக் கை வீங்கியிருந்தது. இரண்டு வளையல் நொறுங்கி மணிக்கட்டில் ரத்தம் வழிந்தது. பெண்களெல்லாம் ஐயோ ஐயோ என்று அலறினார்கள். பாப்பாத்தி ஓடிவந்து கையைப் பிடித்து, "வேண்டாஞ்சாமி, விட்று கண்ணு, நல்ல நாளுங்கண்ணு" என்று அழுதாள். ஜீவிதா விடவில்லை. சோப்புப் போட்டுத் தங்க வளையல்களையும் உருவினாள், கழுத்தில் இருந்ததையும் அவிழ்த்தாள், தாலியை மட்டும் விட்டுவிட்டு எல்லாவற்றையும் தாம்பாளத்தில் வைத்தாள்.

நான் நினைத்தேன், மதினி எடுக்க மாட்டாள் என்று. எடுத்தாள். ரத்தம் பட்டிருந்த வளையலைச் சேலையில் துடைத்து, மற்றதோடு சேர்த்து முந்தானையில் முடிந்துகொண்டாள். அன்றைக்கு எனக்கு வந்த கோபத்துக்கு அவளை அங்கேயே அறைந்திருப்பேன். ஏன் அறையவில்லை என்று இன்னும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன். ஜன்னலோரச் சீட்டும் தலையணையும் காலியாகவே வந்தன. ஒட்டன்சத்திரம் தாண்டும் வரைக்கும் அண்ணன் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதான்.

பழனி ஆஸ்பத்திரியில் ஆண் குழந்தை பிறந்தது. சேதி எனக்குத்தான் வந்தது. மதினியைக் கூப்பிடவில்லை, கூப்பிடாமல் போக அவளும் தயாராக இல்லை. அண்ணன் மட்டும் சம்பளம் வாங்கினதும் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவான். எப்படி இருக்கான் என்று கேட்டால், "நல்லாருக்கான்" என்பான், அதோடு சரி. கோழி இரண்டையும் மதினி விற்றுவிட்டாள். கட்டிலில் இப்போது வெங்காயம் காய்கிறது.

போன வாரம் பழனிக்குப் போன சாக்கில் ஆயக்குடியில் இறங்கிப் பேரனைத் தூக்கிக் கொஞ்சிவிட்டு வந்தேன். வந்ததை யார் சொன்னார்களோ, மறுநாள் விடிந்ததும் மதினி என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கையில் ஒரு பை நிறையக் கத்தரிக்காய். நல்ல காய். வாழ்நாளில் முதல் தடவையாகச் சும்மா கொடுத்தாள்.

"மலரு, பய யாரு சாடடி?"

"ஒங்க சாடதான் மதினி. அப்புடியே அச்சு. மூக்கு, கண்ணு எல்லாம் நீங்கதேன்."

அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், சின்னப் பிள்ளை மாதிரி. "நெசமாவா? ஜீவிதா என்னடி சொல்றா?"

சொல்லியிருக்க வேண்டாம்தான். ஆனால் அந்தப் பிள்ளையின் மணிக்கட்டில் தழும்பை அப்போதுதான் பார்த்துவிட்டு வந்திருந்தேன், எனக்கு மனசு ஆறவில்லை.

"அதச் சொல்லித்தேன் மதினி அழுதா. நான் திங்கிறப்போ என்னயே பாக்குறான் அத்த, அம்மா பாக்குற மாதிரியே இருக்குன்னு சொல்லி அழுதா."

மதினியின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. படியில் உட்கார்ந்தாள். அப்புறம் தெருவைப் பார்த்தபடியே சொன்னாள்.

"கண்ணு மட்டுமாவது அவுக அப்பன மாதிரி இருந்திருக்கக் கூடாதா."