நான் கட்டிய கை

ஹனிபா நானாவின் கைகளைக் கட்டியது நான்தான். அந்தப் பழியை வேறு யார் தலையிலும் போட மாட்டேன்.

நாவுலயில் மரக்கறிக் கடை வைத்திருந்தவர். நியூமோனியா முற்றி நான் நர்ஸாக இருந்த ஐ.சி.யு.வுக்கு வந்தார். வாயில் ட்யூப், வென்டிலேட்டரில் மூச்சு, பேச வழியில்லை. ஐந்தாம் நாள் நித்திரை மருந்தைக் குறைத்தோம். விழித்திருந்து தானாக மூச்சுவிடப் பழகினால்தான் மெஷினிலிருந்து எடுக்கலாம். விழித்தவர் கைகளை நெஞ்சுக்கு இழுத்து இழுத்துக் கொண்டுவந்தார். பிறகு ஒரு விரலை நீட்டினார். ட்யூபைப் பிடுங்கப் போகிறார் என்று பதறி, இரண்டு மணிக்கட்டையும் பண்டேஜால் கட்டிலோடு கட்டினேன். அவர் திமிறினார்.

"மருந்தைத் திரும்பக் கூட்டுவம்," என்றார் டொக்டர், யாழ்ப்பாணத்துக்காரர். கூட்டினால் பட்ட பாடெல்லாம் வீண்.

சற்று நேரத்தில், பகல் பார்வை நேரத்துக்கு மகள் வந்தாள்; கட்டுக்குள் நீட்டியிருந்த விரலைப் பார்த்தாள். "என்ன மிஸ் இது? வாப்பா பகல் தொழுகை, லுஹர் தொழுறாங்க, நீங்க கைய கட்டி வச்சிருக்கீங்க!"

ஐயோ, முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. உக்குவளையில் எங்கள் பக்கத்து வீடே முஸ்லிம் வீடு. தொழுகையில் நெஞ்சில் கட்டும் கையும் நீட்டும் விரலும் எனக்குப் பழக்கமானவை. ட்யூப் பயத்தில் எல்லாம் மறந்துபோனது.

கட்டை அவிழ்த்தேன். "நானா, ஆமான்னா கண்ண ஒருதரம் மூடுங்க, இல்லன்னா ரெண்டு தரம். தொழுதீங்களா?"

ஒருதரம் மூடினார்.

மருந்தைக் கூட்ட டொக்டர் வந்துவிட்டார். "ஆரைக் கேட்டு அவிழ்த்தனீர்? ட்யூப் வெளியில வந்தா ஆர் பொறுப்பு?"

"நான்தான் பொறுப்பு டொக்டர். கட்டில விட்டு நகர மாட்டேன். மருந்து கூட்டுறதுன்னா முதல்ல அவரையே கேளுங்க."

"அவருக்கு என்ன விளங்கும்?"

"கேட்டுத்தான் பாருங்களேன்!"

நான் மருந்துப் பம்புக்கு முன்னாலிருந்து விலகவில்லை. டொக்டர் வேண்டாவெறுப்பாகக் குனிந்தார்.

"ஐயா, ட்யூபை இழுப்பீங்களோ?" இரண்டு தரம். "திரும்ப நித்திரையாக்கட்டோ?" இரண்டு தரம். மறுபடி இரண்டு தரம். மறுபடியும். முகம் சிவக்கச் சிவக்க மூடித் திறந்தார்.

"சரி, நீரே பக்கத்தில நில்லும்," என்று டொக்டர் போய்விட்டார். மருந்து கூட்டவில்லை.

இப்போது நான் பென்ஷனில் இருக்கிறேன். டொக்டரை எதிர்த்துப் பேசலாமா என்று புதிதாக வந்த நர்ஸ்மார் கேட்கிறார்கள். தாராளமாகப் பேசுங்கள். வாயில் ட்யூப் உள்ளவருக்காகத் திறக்காத வாய் நமக்கு எதற்கு? கட்டுமுன் கேளுங்கள். நான் கேட்காமல் கட்டினேன்.

அன்றிலிருந்து நாலு நாளில் ஹனிபா நானாவின் ட்யூபை எடுத்தோம். கரகரத்த குரலில் மகளைக் கூப்பிட்டார், தண்ணீர் கேட்டார்.

"நானா, கைய கட்டினது நான்தான். மன்னிப்பீங்களா?" என்றேன்.

பேச்சு வந்துவிட்ட மனிதர், என்னைப் பார்த்தபடி கண்ணை ஒருதரம் மூடினார்.