சுவரில் ஏறிய குடம்

பள்ளிச் சுவர்களில் கிளியும் வாய்ப்பாடும் வரைந்தே யாழினிக்குப் பல வருஷங்கள் ஓடியிருந்தன. அதனால் பாக்கியமேரி கூப்பிட்டதும் திருவெறும்பூரிலிருந்து அடுத்த பஸ்ஸிலேயே கிளம்பி வந்துவிட்டாள். சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஆதரவற்ற பெண்கள் இல்லம் ஒன்றுக்காக, ஜனங்கள் தானமாகத் தரும் பழைய சாமான்களை விற்கும் கடையைப் பார்த்துக்கொள்பவர் பாக்கியமேரி. தெருவைப் பார்த்த பெரிய சுவரைக் காட்டி, "உனக்குத் தோணுறத வரைம்மா" என்றார்.

சாரத்தில் ஏறி முதலில் ஒரு சிவப்பு சைக்கிள் வரைந்தாள். பெயிண்ட் காய்வதற்குள் கீழேயிருந்து ஒருவர், "சைக்கிள் என்ன விலைங்க?" என்றார்.

"இது படம்ங்க."

"அது தெரியுது. உள்ள இருக்கறது என்ன விலை?"

உள்ளே சைக்கிளே இல்லை. மறுநாளும் அதே கேள்வி, வேறு வேறு ஆட்கள். கடைசியில் பாக்கியமேரியே, "சண்டைக்கு வர்றாங்கம்மா, அழிச்சிடேன்" என்றார். அந்த இடத்தில் தையல் மிஷின் வந்தது. அன்று சாயங்காலமே தையல் மிஷின் கேட்டு ஆள் வந்தது.

வெறுத்துப்போய்க் கடைக்குள் நுழைந்தாள். எது எப்போதும் கிடக்கிறதோ அதையே வரைந்து தொலைப்போம். மூலை முழுக்கப் பாத்திரங்கள், ஒவ்வொன்றிலும் யார் யாருடைய பெயரோ வெட்டியிருந்தது. ஒரு பித்தளைக் குடத்தைத் தூக்கிவந்து, ஆள் உயரத்துக்குச் சுவரில் வரைந்தாள். கழுத்தில் இருந்த பெயரையும் விடவில்லை: கு. பவுனம்மாள். இந்த ஒரு படம் மட்டும் அவளுக்கே பிடித்திருந்தது.

அடுத்த வாரம், கட்டைப்பையோடு ஒரு அம்மா சுவர் முன்னால் வந்து நின்றார்.

"என் பேரை இங்க எழுதுனது யாரு?"

"குடத்துல இருந்துச்சும்மா. பாத்து வரைஞ்சேன்."

"எங்க வீட்டுக் குடம்ல அது! பரண்ல இருக்கு. எங்கப்பா கல்யாணச் சீரா திருவெள்ளறையிலேருந்து தூக்கியாந்தது." சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருக்கு விளங்கிவிட்டது. "பத்திரமா இருக்கு அத்தைன்னு மருமக சொன்னாளே!"

பாக்கியமேரி ஓடிவந்தார். குடம் விற்றுப்போயிருந்தது. வாங்கியவர் யாரென்று தெரியாது. பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாம் கூடிவிட்டார்கள்.

"குடத்தைக் குடுங்க. இல்லன்னா பேரை அழிங்க!"

யாழினிக்குப் பொறுமை போய்விட்டது. "அழிச்சிடறேன். மொத்த சுவரையும் அழிச்சிடறேன். ஒருத்தருக்கும் ஒண்ணும் வேணாம்" என்று வெள்ளை பெயிண்டில் பிரஷை முக்கிக்கொண்டு சாரத்தில் ஏறினாள்.

"இரும்மா, இரு." பவுனம்மாள் கண்ணுக்குமேல் கையை வைத்து அண்ணாந்து பார்த்தார். "அந்த நசுங்கலைக்கூட வரைஞ்சிருக்கியே. பெரியவன் கிணத்தடியில போட்டது." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அழிக்காத. எங்க மருமக தினம் இந்த வழியாத்தான் வேலைக்குப் போறா. செல்லைப் பாத்துக்கிட்டே நடக்கிறவ, இவ்ளோ சின்ன எழுத்து அவ கண்ணுல எங்க படும்? பெருசா எழுது."

யாழினி பல்லைக் கடித்துக்கொண்டு வெள்ளையைக் கழுவிவிட்டுக் கறுப்பை எடுத்தாள். அவள் எழுதி முடிக்கும்வரை பவுனம்மாள் கீழேயே நின்று, "இன்னும் பெருசா, இன்னும் பெருசா" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.